மதுரைக்குள் மறைந்திருக்கும் மதுரை: எந்தச் சந்து, எந்தக் குன்று, எந்த நேரம்

திருமலை நாயக்கர் மகாலிலிருந்து மீனாட்சியம்மன் கோயிலுக்குச் சுரங்கப்பாதை உண்டு என்று சொல்லாத ஆள் மதுரையில் கிடையாது. அதன் வாய் எங்கே என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். அதைத் தேடி ஒரு நாளைத் தொலைக்க வேண்டாம். ஊருக்குள் இருக்கும் பழசில் பாதி கடைகளுக்குப் பின்னால் நிற்கிறது. பாறையைக் குடைந்து செய்தவை வேண்டுமென்றால் ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளுக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் நடு மத்தியானம் குன்றில் நிற்பீர்கள், சாயங்காலக் கூட்டத்தில் கடைவீதியில் மாட்டுவீர்கள். தனித்தனி நாள் வையுங்கள்.

ஊருக்குள் ஒரு காலை

ஆறரை மணிக்குப் பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்குங்கள். பக்கத்திலேயே கல்லால் கட்டிய ஒரு பழைய வாசல் இருக்கிறது. நாயக்கர் காலக் கோட்டையில் மிஞ்சியது இந்த மேற்கு வாசல்தான். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்க வைத்தார். வெளி வீதிகள் அப்படி உண்டானவை. அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்கள் பெருமாள் மேஸ்திரி வீதியாகவும் மாரட் வீதியாகவும் இன்றைக்கும் புழங்குகின்றன. கீழவாசல், தெற்குவாசல் என்று பேருந்துக்காரர் கூவும் இடங்களில் வாசல் எதுவும் இருக்காது. ஆனால் அந்த இரண்டையும் இந்த மேலவாசலோடு மனதுக்குள் கோடு போட்டு இணைத்தால் கோட்டை எதுவரை இருந்தது என்பது பிடிபடும்.

அங்கிருந்து கிழக்கே நடந்தால் வெளி, மாசி, ஆவணி மூலம், சித்திரை என்று வீதிகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்கிக்கொண்டே போகும். கோயில் மதிலுக்குள் இருப்பது ஆடி வீதி. புதிதாக வருபவர் தடுமாறும் ஒரு விஷயம்: சித்திரைத் திருவிழாத் தேர் ஓடுவது மாசி வீதிகளில். மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார், தேரோடும் வீதி மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. வழி தவறினால் திசையையும் மாதத்தையும் சேர்த்துக் கேளுங்கள். வெறுமனே 'மாசி வீதி' என்றால் நான்கு இருக்கின்றன.

மேல மாசி வீதியில் இம்மையில் நன்மை தருவார் கோயிலைத் தவற விடாதீர்கள். கடை வரிசைக்கு நடுவே இருப்பதால் கடந்து போய்விடுவது சுலபம். இங்கே லிங்கம் மேற்குப் பார்த்தது. நாம் பார்ப்பது அதன் பின்பக்கம். சொக்கரும் மீனாட்சியுமே பூசை செய்த லிங்கம் என்பதால் அவர்கள் முன்னிருக்க, நமக்குப் பின்னழகு. உள்ளூர்க் கோயில்கள் பெரும்பாலும் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தி மாலை நான்குக்குமேல்தான் திறக்கும். முதலில் கோயில், பிறகு கடைவீதி என்று வரிசை வைக்கச் சொல்வது அதனால்தான்.

கீழச் சித்திரை வீதிக்கு வந்தால் புதுமண்டபம், 124 தூண். பல காலம் தூணுக்குத் தூண் தையல்காரர்களும் புத்தகக் கடைகளும் உட்கார்ந்திருந்த இடம். கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர்களும் அங்கேதான் போகவேண்டும். புதுமண்டபத்துக்கு நேர் கிழக்கே எழுகடல் தெருவில் முடியாமல் நின்றுபோன ராய கோபுரம். பாத்திரக் கடை வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள். இரண்டு பக்கமும் செதுக்கிய பெரிய கல்நிலைகள் தெரியும், மேலே ஒன்றுமில்லை. மேல்தளம் எழுந்திருந்தால் மீனாட்சி கோயிலின் உயரமான தெற்குக் கோபுரம்கூட இதற்குத் தம்பியாகியிருக்கும்.

அடுத்து கீழ மாசி வீதி வழியே தெற்கே, விளக்குத்தூண் வரைக்கும். அந்த இரும்பு விளக்குக்கம்பம் பிளாக்பர்னின் நினைவாக நட்டது. இங்கே நின்று, "அண்ணே, பத்துத் தூண் சந்து எது?" என்று கேட்டால் கைகாட்டுவார்கள். மகாலின் மிச்சம் எங்கே என்று கேட்டால் மகாலுக்கே அனுப்பிவிடுவார்கள். 1636-இல் எழுந்த அரண்மனை இன்று நாம் சீட்டு வாங்கிப் பார்ப்பதைவிடப் பல மடங்கு பெரியது. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் பெரும்பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். போகாமல் தங்கிய பத்துப் பருத்த தூண்கள் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே நிற்கின்றன. பத்து மணிக்குக் கடை திறந்து துணிகளைத் தொங்கவிட்டால் தூணின் அடிப்பாகம் மறைந்துவிடும். ஒன்பதரைக்குள் போனால் அடி முதல் தலை வரை பார்க்கலாம். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் இந்தச் சந்துப் பக்கமே போகாதீர்கள்.

சந்துகளில் நடக்கும்போது வாசற்படியைக் கவனியுங்கள். ரோட்டிலிருந்து படி இறங்கி உள்ளே போகும்படியாக ஒரு வீடு இருந்தால், ரோடு மேலே மேலே போடப்பட்டு வீடு மட்டும் பழைய மட்டத்தில் நிற்கிறது என்று பொருள். நின்று பார்க்கத் தகுந்த கட்டடம். உள்ளே குடித்தனம் இருக்கும், கேட்காமல் நுழைய வேண்டாம்.

குன்றுக்குப் போகும் நாள்

முதல் முறை போகிறவர்களுக்கு ஒத்தக்கடையை ஒட்டிய யானைமலைதான் சரி. மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் ரோட்டில் நகரப் பேருந்து போகும். அடிவாரத்தில் நரசிங்கம் குடைவரைக் கோயில். மலை ஏறத் தேவையில்லை. பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி குடைவித்தார். முடிவதற்குள் அவர் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி முடித்தார். கல்வெட்டு ஆண்டு 770. அதே அடிவாரத்தில் லாடன் கோயில் என்ற சிறு குடைவரையும் உண்டு. கதவு பூட்டியிருந்தால் கம்பி வழியே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

திருப்பரங்குன்றத்தில் பலரும் கவனிக்காத ஒன்று: கூட்டத்தோடு வரிசையில் போய் முருகனைக் கும்பிடும் இடமே மலையைக் குடைந்தது. அபிஷேகம் முருகனுக்கு இல்லை, வேலுக்குத்தான். கூட்டமில்லாத குடைவரை வேண்டுமானால் மலையின் தென்பக்கம் உமையாண்டார் கோயிலுக்குச் சுற்றி வாருங்கள்.

ஏறத் தயாரானவர்களுக்குக் கீழக்குயில்குடி சமணர் மலை. கீழே அய்யனார் கோயிலும் தாமரைக் குளமும். மேலே பேச்சிப்பள்ளத்தில் எட்டுச் சமணச் சிற்பங்கள், அடியில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. மலையின் மறுபக்கத்தில் செட்டிப்புடவு என்ற குகை. இரண்டும் ஒரே வழியில் இல்லை, கீழே இறங்கிச் சுற்ற வேண்டும். இதில்தான் பலர் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

சமணக் குகையில் என்ன தேடுவது? தரையில் நீளவாக்கில் செதுக்கிய படுக்கைகள், தலைப்பக்கம் சற்று மேடாக. பிறகு பாறை நெற்றியில் நீர் உள்ளே வழியாமலிருக்க வெட்டிய நீண்ட விளிம்பு. தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு இருந்தால் அந்த விளிம்பை ஒட்டியோ படுக்கை அருகிலோ இருக்கும். பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் உள்ள மாங்குளம் கல்வெட்டுகளும் இப்படிக் குகைப் பாறையில் வெட்டியவைதான். எழுத்தை நேரே பார்த்தால் ஒன்றும் தெரியாது. டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். சாக்பீஸ், மாவு எதையும் தடவாதீர்கள். கல் கெடும், சட்டப்படியும் குற்றம்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பிடிமானமுள்ள செருப்பு. காலை ஏழுக்கு ஏறி ஒன்பதரைக்குள் இறங்கிவிடுங்கள். மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும். குகை முகட்டில் மலைத்தேனீக் கூடு தொங்கினால் அத்துடன் திரும்புங்கள், புகையும் வாசனைத் திரவியமும் அவற்றைக் கிளப்பிவிடும். மேலூர்ப் பக்கக் குன்றுகளில் கைவிட்ட கல்குவாரிக் குழிகள் நீர் நிறைந்து கிடக்கும். ஆழம் தெரியாது, குளிக்க இறங்காதீர்கள்.

சாப்பாடு

பெயர்ப்பலகையைப் பார்த்துத் தேடினால் நல்ல கடை பாதி தப்பிவிடும். நேரத்தை வைத்துத் தேடுங்கள். காலையில் தள்ளுவண்டிப் பருத்திப்பால்: ஊறவைத்த பருத்திக்கொட்டையை ஆட்டிப் பால் எடுத்து, அரிசிமாவு, வெல்லம், சுக்கு, ஏலக்காய் போட்டுக் காய்ச்சியது. அண்டாவில் கொதி நிற்காமல் இருக்கும் வண்டியாகப் பாருங்கள். ஆறினால் அடியில் திரியும்.

சாயங்காலம் நாலரைக்குமேல் சௌராஷ்டிரர்கள் வாழும் மகால் பக்கத் தெருக்களிலும் தெற்கு மாசி வீதிப் பக்கமும் முள்ளுமுருங்கை அடை. இலையை அரிசியோடு அரைத்து, தட்டிப் பொரித்து, மேலே பொடி தூவித் தருவார்கள். ஆறினால் ரப்பராகிவிடும், எண்ணெயிலிருந்து எடுத்ததும் தின்னுங்கள். இருட்டிய பிறகு கறிதோசை: கனமான தோசைமேல் முட்டை, அதன்மேல் வெந்த கொத்துக்கறி, திருப்பிப் போட்டு வேகவைப்பது. அரை மணி நேரம் காக்க வைத்தாலும் குறை சொல்லாதீர்கள். அவசரப்பட்ட கல்லில் நடு வேகாது.

கடைசியாக விளக்குத்தூணுக்கே திரும்பி ஜிகர்தண்டா. பாதாம் பிசின், நன்னாரி சர்பத், சுண்டக்காய்ச்சிய பால், ஐஸ்கிரீம் என்று அடுக்காக இருக்கும். அடியிலிருந்து ஒருமுறை கிளறிவிட்டுக் குடியுங்கள். பார்சல் வேண்டாம், அறைக்குப் போவதற்குள் ஐஸ் கரைந்து வெறும் இனிப்புப் பாலாகிவிடும்.