கிபுட்ஸ் வரலாற்றுல அனார்க்கிசத்தை எப்படித் தேடிப் படிக்கிறது?

கிபுட்ஸ்ங்கிறது யூதக் குடியேறிகள் எல்லாத்தையும் பொதுவா வச்சு வாழ்ந்த கூட்டுக் கிராமம், அனார்க்கிசம்ங்கிறது அரசோ தலைவரோ இல்லாம மக்களே சேர்ந்து வாழ முடியும்ங்கிற கருத்து. 1910ல கலிலேயா ஏரிக்கரையில உருவான முதல் கிபுட்ஸ் டெகானியால இருந்து ஆரம்பிங்க, அங்க யாரு தலைவர்னு தேடாதீங்க, முடிவு எப்படி எடுத்தாங்கன்னு மட்டும் பாருங்க. எல்லாரும் உக்காந்து பேசி முடிவெடுக்கிற பொதுக்கூட்டம், தனித்தனி சம்பளம் கிடையாது, சாப்பாடும் பொதுவுலதான், பல கிபுட்ஸ்ல போடுற துணிகூட பொது சலவைக்கூடத்துல இருந்துதான் வந்துச்சு.

அப்புறம் ரஷ்ய அனார்க்கிஸ்ட் க்ரொபோட்கினோட 'பரஸ்பர உதவி' புத்தகத்தைப் படிங்க, முக்கியமா ஜெர்மன் அனார்க்கிஸ்ட் குஸ்டாவ் லாண்டவரைப் படிங்க. அரசுங்கிறது மனுஷங்களுக்குள்ள இருக்கிற ஒரு உறவுமுறை, நாம வேற மாதிரி வாழ ஆரம்பிச்சாத்தான் அது உடையும்னு சொன்னவர் அவரு, என்னைக் கேட்டா மொத்த விஷயத்துக்கும் சாவி இதுதான். 1919ல மியூனிக்ல அவரைக் கொன்னுட்டாங்க, ஆனா அவரோட கருத்துகளை நண்பரான யூதத் தத்துவவாதி மார்ட்டின் பூபர் விடாம எடுத்துட்டுப் போனார், ஹஷோமெர் ஹட்சைர்ங்கிற சோஷலிச யூத இயக்கத்து இளைஞர்களும் ஆர்வமா படிச்சாங்க.

படிக்கும்போது நிலத்தை மறந்துடாதீங்க. யூதக் குடியேற்றத்துக்காக யூத தேசிய நிதிங்கிற அமைப்பு வாங்கின நிலம், அரபு விவசாயிகளையும் தொழிலாளர்களையும் வெளியே வச்ச யூத உழைப்புக் கொள்கை, இதையெல்லாம் விட்டுட்டு சமத்துவம்னு பேசினா அது பாதி உண்மைதான். இஸ்ரேல் உருவான 1948க்கு முன்னாடி, பின்னாடின்னு பிரிச்சுப் படிங்க, அப்படியே 1980கள்ல வந்த கடன் நெருக்கடியையும் பாத்துடுங்க, பல கிபுட்ஸ்ல ஆளுக்கொரு சம்பளம்னு மாறினது அதுக்கப்புறம்தான்.