பொப்பரிங்கவில் பீர் ருசிப்பது எப்படி? முதன்முறை போகிறவர்களுக்கு

பெல்ஜியம் பீர் என்றதும் எல்லோரும் பிரஸ்ஸல்ஸுக்கும் ப்ரூஜுக்கும் கிளம்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், பீருக்குக் கசப்பும் வாசனையும் கொடுக்கிற ஹாப்ஸ் கொடி விளைகிற ஊருக்கே போய்விடலாம். மேற்கு ஃப்ளாண்டர்ஸில், பிரான்ஸ் எல்லையை ஒட்டி இருக்கிற பொப்பரிங்க அப்படிப்பட்ட சின்ன ஊர். சுற்றிலும் வயல்களில் உயரமான கம்பங்கள், கம்பிகள், அவற்றில் ஏறும் கொடிகள். இரண்டு நாள் ஒதுக்கினால் அவசரமில்லாமல் சுற்றலாம்.

படி 1: ரயிலில் போய் இறங்குங்கள்

கோர்ட்ரேக்கிலிருந்து ஈப்பர் வழியாக வரும் ரயில் பாதைக்குப் பொப்பரிங்கதான் கடைசி நிலையம். அதனால் தூங்கிப்போனாலும் ஊர் தவறாது. வாடகைக் கார் வேண்டாம். இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் இருந்தாலே அங்கே குற்றம். இங்குள்ள பீருக்கு அந்த அளவைத் தொட அதிக நேரம் ஆகாது. சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் இதே விதிதான்.

படி 2: குடிப்பதற்கு முன் ஹாப்ஸைப் பாருங்கள்

நிலையத்திலிருந்து ஊர் நடுவே உள்ள க்ரோட் மார்க்ட் சதுக்கத்துக்கு நடந்தே போகலாம். பக்கத்தில் காஸ்ட்ஹௌஸ் தெருவில், அந்தக் காலத்தில் ஹாப்ஸை எடைபோட்ட கட்டடம் இப்போது ஹாப்ஸ் அருங்காட்சியகம். காய்ந்த ஹாப்ஸ் பூவை விரலிடையே கசக்கி முகர்ந்து பாருங்கள். புல், எலுமிச்சைத் தோல், கொஞ்சம் பிசின் கலந்த அந்த வாசனை பிடிபட்டால், மாலையில் எந்தக் கிளாஸைத் தூக்கினாலும் அதை அடையாளம் காண்பீர்கள். அதே தெருவில் டால்பட் ஹவுஸ் இருக்கிறது. முதல் உலகப்போரின்போது, 1915 டிசம்பரில், ஈப்பர் போர்முனையிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் படையினர் இளைப்பாறத் திறந்த வீடு. பதவி பார்க்காமல் எல்லோரையும் சேர்த்த இடம். பீருக்குச் சம்பந்தமில்லை என்றாலும் தவறவிடாதீர்கள்.

படி 3: முதல் கிளாஸை ஆர்டர் செய்வது

அங்கே பப்புக்குக் கஃபே என்றுதான் பலகை இருக்கும். உள்ளே போய் நீங்களே ஒரு மேசையில் உட்காரலாம். ஆள் வந்து கேட்பார். பேச்சு டச்சு. பிரெஞ்சில் ஆரம்பிப்பதை விட ஆங்கிலம் பரவாயில்லை. ‘அல்ஸ்டூப்லீஃப்’ என்று ஒரு தயவுசெய்துவைச் சேர்த்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும்.

முதலில் கேட்க வேண்டியது பொப்பரிங்ஸ் ஹொம்மல்பீர். 1981-ல் ஊரின் ஹாப்ஸ் திருவிழாவுக்காக வந்தது, ஆல்கஹால் 7.5 சதவீதம். பொன்னிறம், நல்ல கசப்பு, பின்னால் மிளகு போல ஒரு காரம். இந்த ஊரின் குணம் இதுதான் என்று நாக்குக்கு அறிமுகம் செய்துவிடும். திருவிழா மூன்றாண்டுக்கு ஒருமுறை, செப்டம்பரில். மற்ற காலத்தில் வந்தாலும் பீர் இருக்கும்.

படி 4: ஊற்றுவதைக் கவனியுங்கள்

ஒவ்வொரு பீருக்கும் தனி கிளாஸ் உண்டு. அது வெறும் பந்தா இல்லை: வாய் அகன்ற கிண்ணத்தில் வாசனை மேலெழும், குறுகிய வாயில் நுரை நிற்கும். பணியாளர் கிளாஸைத் தண்ணீரில் அலசுவார். பிறகு சாய்த்துப் பிடித்து மெல்ல ஊற்றி, கடைசியில் நிமிர்த்தி இரண்டு விரல் நுரை எழுப்புவார். பாட்டிலின் அடியில் ஒரு விரல் அளவு கலங்கலை விட்டுவிடுவார். அது பீரை நொதிக்க வைக்கும் ஈஸ்ட். பீரைத் தெளிவாகக் குடித்து முடித்துவிட்டு, அந்த மிச்சத்தைத் தனியாகச் சுவைத்துப் பார்க்கலாம். ரொட்டி மாவு போல் இருக்கும். எனக்குப் பிடிக்கும், பலருக்குப் பிடிக்காது.

நம்ம ஊர் பழக்கத்தில் ஐஸ் போலக் கேட்காதீர்கள். அடர்ந்த பீர்களைச் சுமார் 10 டிகிரியில் பரிமாறுவார்கள், சில்லிட்டால் பாதி வாசனை போய்விடும்.

படி 5: சதவீதத்தைக் கணக்கு போடுங்கள்

பீர் பட்டியலில் பெயருக்குப் பக்கத்திலேயே ஆல்கஹால் அளவு இருக்கும். விலையைப் பார்ப்பதற்கு முன் அதைப் பாருங்கள். 25 சென்டிலிட்டர் சாதாரண பில்ஸ் (லேசான பொன்னிற பீர்), 5.2 சதவீதம் என்றால், உள்ளே 13 மில்லி ஆல்கஹால். 33 சென்டிலிட்டர் பாட்டில், 10.2 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 34 மில்லி. ஒரு பாட்டில் இரண்டரை பில்ஸுக்குச் சமம். இனிப்பும் மென்மையுமாக இறங்குவதால் வாய்க்குத் தெரியாது, எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். 1919-ல் வந்த சட்டம் கஃபேக்களில் சாராய வகைகளை விற்கத் தடை போட்டது. அந்த இடத்தைப் பிடிக்கத்தான் பீர்கள் இவ்வளவு வீரியம் ஆனதாகச் சொல்வார்கள்.

வரிசை இப்படி இருந்தால் நல்லது: வெள்ளை பீர் (கோதுமை சேர்த்துக் காய்ச்சுவது) அல்லது பில்ஸ், அப்புறம் ஹொம்மல்பீர், கடைசியில் கறுத்த, கனமானவை. தலைகீழாகப் போனால் லேசானவை தண்ணீராகத் தெரியும். புளிப்பு பிடிக்குமென்றால், பக்கத்து ரூஸலாரில் ஓக் பீப்பாய்களில் முதிரும் ரோடன்பாக் பீர் நடுவில் ஒன்று. இடையிடையே தண்ணீர், ஒரு தட்டு சீஸ் துண்டு, தொட்டுக்கக் கடுகு. வசந்தத்தில் போனால் ஹாப்ஸ் குருத்து கிடைக்கும். விலை கண்ணைக் கட்டும், ஒருமுறை சாப்பிடலாம்.

படி 6: இரண்டாம் நாள், சைக்கிளில்

எண் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போகும்படி சைக்கிள் பாதைகளைப் பின்னியிருக்கிறார்கள். எண்களைத் தாளில் எழுதிக்கொண்டால் வரைபடம் தேவையில்லை.

ஆறேழு கிலோமீட்டரில் வெஸ்ட்ஃப்ளேட்டரன். 1831-ல் தோன்றிய செயிண்ட் சிக்ஸ்டஸ் மடத்தில் துறவிகள் பீர் காய்ச்சுகிறார்கள். மடத்துக்குள் சுற்றிப் பார்க்க முடியாது. எதிரே உள்ள ‘இன் டெ வ்ரேட’ கஃபேயில் உட்கார்ந்து குடிக்கலாம், திறக்கும் நாளை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மூடியின் நிறம்தான் அடையாளம்: பச்சை என்றால் ப்ளாண்ட் (5.8 சதவீதம்), நீலம் என்றால் ‘8’, மஞ்சள் என்றால் ‘12’ (இந்த எண்கள் பீரின் பெயர்கள்). எல்லோரும் உலகப் புகழ் பெற்ற 12-ஐக் கேட்டு ஃபோட்டோ எடுக்கிறார்கள். சைக்கிள் மிதித்து வந்த தாகத்துக்கு ப்ளாண்ட்தான் என் தேர்வு. கசப்பும் தெளிவும் உள்ள பீர், ஹாப்ஸ் நாட்டில் வேறென்ன வேண்டும்? 12 வேண்டுமென்றால் இருவர் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

அடுத்து வாட்டூ கிராமம். செயிண்ட் பெர்னார்டஸ் ஆலை 1946 முதல் 1992 வரை அந்தத் துறவிகளின் பீரை உரிமம் பெற்றுக் காய்ச்சியது. அதன் ஆப்ட் 12-ஐ (10 சதவீதம்) ருசித்தால் சொந்தம் தெரியும். துரத்திப் பிடிக்கவும் வேண்டாம், கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக் குடிப்பதை விட, இதை மட்டும் வாங்கி அறையில் மாலையில் பொறுமையாகத் திறப்பேன். இத்தோடு சைக்கிள் ஓட்டம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: வீட்டுக்குக் கொண்டுபோவது

இந்தியா திரும்புவோருக்கு வரியில்லாமல் 2 லிட்டர் மது அனுமதி. 33 சென்டிலிட்டர் பாட்டில் ஆறு என்றால் 1.98 லிட்டர், கணக்கு கச்சிதம். ஒவ்வொன்றையும் சாக்ஸில் செருகி, துணிகளுக்கு நடுவே, செக்-இன் பெட்டியில் வையுங்கள். வந்ததும் ஓரிரு நாள் நிமிர்த்தி வைத்தால் ஈஸ்ட் அடியில் படிந்துவிடும்.