பாதக் கோளாறுகள்: எதை வீட்டில் கவனிக்கலாம், எப்போது மருத்துவரை நாட வேண்டும்

காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகால் குத்தி வலித்தால், பெரும்பாலும் உள்ளங்காலின் தசைநார்ப் பட்டை பாதிக்கப்பட்டிருக்கும். கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் நீட்டும் பயிற்சியை நாள்தோறும் செய்து, மெத்தென்ற காலணி அணிந்துவந்தால் சில மாதங்களில் வலி தணியும். சேற்றுப்புண்ணுக்கு விரலிடுக்குகளை ஈரமின்றி வைத்து, பூஞ்சை எதிர்ப்புக் களிம்பைத் தடவலாம். கால் ஆணியைப் பிளேடால் செதுக்குவது, எவ்வளவு பழகிய கையானாலும், வேண்டாத வேலை.

நீரிழிவு உள்ளவர்களுக்குக் காத்திருந்து பார்க்கும் வழி பொருந்தாது: உணர்ச்சி மங்கிய பாதத்தில் புண் வலிக்காமலேயே ஆழமாகிவிடும் என்பதால், பாதங்களை நாள்தோறும் பார்த்து, கொப்புளம், நிறமாற்றம், வீக்கம் என எதைக் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மற்றவர்களும் சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல், ஊன்ற முடியாத வலி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் தாமதிக்கக் கூடாது.