எல்இடி டவுன்லைட் வாங்கும் முன்: தளத்துக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவே என்ன இருக்கிறது?

லைட் கடையில் முதலில் வரும் கேள்வி, "எத்தனை வாட்ஸ் வேணும்?" வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் அந்தக் கணக்கைக் கடைசிக்குத் தள்ளி வைப்பது நல்லது. சீலிங்குக்குள் பதிக்கிற லைட் எத்தனை வருஷம் எரியும், எப்படி வெளிச்சம் தரும் என்பதை அதற்கு மேலே மறைந்திருக்கும் இடம்தான் முடிவு செய்கிறது. அங்கே ஆழம் எவ்வளவு, சூடு எவ்வளவு, டிரைவர் (வீட்டுக் கரண்ட்டை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) எங்கே உட்காரும், ஃபேன் எங்கே சுற்றும் என்று தெரிந்துகொண்டால் கடையில் பாதி மாடல்கள் தானாகவே கழிந்துவிடும்.

முதலில் தளம். கான்கிரீட் தளத்தைக் கொத்தி லைட்டைப் பதிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டுத் தளத்தின் கனம் 4½ முதல் 5 அங்குலம். அடிப்பக்கத்திலிருந்து முக்கால் அங்குலம் போனாலே கம்பி வந்துவிடும். கொத்திய இடத்தில் கம்பி வெளியே தெரிந்தால் துருப்பிடிக்கும். துரு உப்பிக் காரையைத் தள்ளும். சில மழைக்காலம் போனதும் அந்த இடமே பெயர்ந்து விழும். புதிதாகத் தளம் போடுகிற பகுதி என்றால் மட்டும், சென்ட்ரிங் பலகையின் மேல் ஆழமான லைட் பாக்ஸை வைத்து, உள்ளே தெர்மகோலோ காகிதமோ அடைத்து, கம்பியோடு கட்டிவிட்டு கான்கிரீட் போடலாம். அடைக்காமல் விட்டால் சிமென்ட் பால் இறங்கி பாக்ஸும் பைப்பும் அடைத்துக்கொள்ளும். பழைய தளத்துக்கு வழி ஃபால்ஸ் சீலிங்தான். அது வேண்டாம் என்றால் தளத்தின் மேலேயே ஒட்டி மாட்டும் சர்ஃபேஸ் பேனல். ஓட்டு வீட்டுக்குக் கீழே சீலிங் அடிப்பவர்கள் ஒயரை பிவிசி பைப்புக்குள்ளேதான் இழுக்க வேண்டும். ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே எலி கட்டாயம் வரும்.

ஜிப்சம் சீலிங்கை அறை முழுக்க 6 அங்குலம் இறக்கலாம். அல்லது நடுவை அப்படியே விட்டு, சுவர் ஓரம் மட்டும் பார்டர் அடிக்கலாம். புதுப்பிக்கும் வீட்டுக்கு இரண்டாவது முறை நல்லது: ஃபேன் பழைய கொக்கியிலேயே இருக்கும், செலவும் குறையும். ஆனால் பார்டர் அகலத்தை 2 அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதன் நடுவில் லைட் வைத்தால் சுவருக்கும் லைட்டுக்கும் ஒரே அடிதான் இடைவெளி. வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு இறங்கும். பூச்சிலும் பட்டியிலும் உள்ள மேடு பள்ளமெல்லாம் ராத்திரியில் நிழல் கட்டித் தெரியும். பார்டரை 2½ அடியாக்கி, லைட்டின் மையத்தைச் சுவரிலிருந்து 1½ முதல் 2 அடியில் வையுங்கள்.

முழுச் சீலிங் என்றால் ஃபேனைத் தளத்துக் கொக்கியிலிருந்தே நீளமான ராடு போட்டுத் தொங்கவிட வேண்டும். ஜிப்சம் சட்டத்தில் ஃபேனை மாட்டவே கூடாது. சீலிங்குக்கும் இறக்கைக்கும் நடுவே ஒரு அடி இருந்தால்தான் காற்று வரும். இறக்கை தரையிலிருந்து 8 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. உங்கள் தளம் 9½ அடி உயரம்தான் என்றால் 6 அங்குலச் சீலிங்கும் ஒரு அடியும் போக மிச்சம் சரியாக 8 அடி. அதற்கு மேல் அலங்காரப் படி எதற்கும் இடமில்லை.

இந்த 6 அங்குலத்துக்குள் லைட்டின் உடல், டிரைவர், ஒயர் மூன்றும் அடங்க வேண்டும். ஸ்லிம் பேனலின் உடல் ஒரு அங்குலம்தான் என்றாலும் டிரைவர் தனிப் பெட்டியாகப் பக்கத்தில் உட்காரும். பல சில்லுகள் ஒரே புள்ளியாகச் சேர்ந்த சிஓபி ஸ்பாட் லைட் 3 அங்குலம் வரை ஆழம் கேட்கும். டப்பாவில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: உயரம், கட்-அவுட் (சீலிங்கில் போட வேண்டிய ஓட்டையின் அளவு). வெளிவட்டத்தின் அளவை வைத்து ஓட்டை போட்டால் லைட் நேராகக் கீழே வந்துவிடும். கட்-அவுட் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால், லைட் கைக்கு வருவதற்கு முன்னால் சீலிங்கில் ஓட்டை போட விடாதீர்கள்.

அடுத்தது சூடு. இதைப் பற்றிக் கடையில் யாரும் பேசுவதில்லை; எங்கள் கணக்கில் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். ஏப்ரல், மே மாதத்தில் தருமபுரி வெயிலைப் பகலெல்லாம் வாங்கிய மொட்டைமாடித் தளம், அந்தச் சூட்டை மாலையில்தான் கீழே இறக்குகிறது. லைட் போடும் நேரமும் அதுதான். தளத்துக்கும் ஜிப்சத்துக்கும் நடுவே காற்று நகர வழியில்லை. டிரைவருக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் 10 டிகிரி சூடு கூடினால் பாதி ஆயுளை இழக்கும். எல்இடி சில்லு நன்றாக இருக்கும்போதே லைட் கண் சிமிட்டி அணைந்து போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆகவே மேல்மாடி அறைகளுக்கு அலுமினிய உடல் உள்ள லைட்டாகப் பாருங்கள். டப்பாவில் சுற்றுப்புற வெப்பம் 45 டிகிரி வரை தாங்கும் என்று அச்சிட்டிருக்க வேண்டும். ஒரே 18 வாட்ஸ் லைட்டுக்குப் பதில் 9 வாட்ஸில் இரண்டாகப் பிரித்தால் சூடும் பிரிந்துவிடும். சூடு குறைய சீலிங் மேல் தெர்மகோலோ கிளாஸ் உல்லோ பரப்புகிறவர்கள் ஒவ்வொரு லைட்டைச் சுற்றியும் 3 அங்குலம் காலியாக விடுங்கள். லைட்டின் முதுகில் அதைப் போர்த்தவே கூடாது. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் வெயில் இவ்வளவு வாட்டாது. அங்கேயும் மேல்மாடிக்கு இதே முறைதான்.

டிரைவர் லைட்டிலிருந்து தனியாக, பிளக் போலக் கழற்றி மாட்டும் கனெக்டரோடு வருகிறதா என்று பாருங்கள். தகட்டிலேயே டிரைவரும் சேர்ந்து வரும் டிஓபி வகை விலை குறைவு. ஆனால் பழுதானால் முழு லைட்டையும் தூக்கிப் போட வேண்டும், வோல்டேஜ் ஆடினால் வெளிச்சமும் சேர்ந்து ஆடும். பம்ப்செட் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்குகிற கிராமங்களில் 100 முதல் 300 வோல்ட் வரை வேலை செய்யும் டிரைவர் வாங்குங்கள். கோடை இடிமழை தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பலமாக வரும் என்பதால் 4 கேவி (4,000 வோல்ட்) சர்ஜ், அதாவது திடீரென்று எகிறும் வோல்டேஜ், தாங்கும் என்று போட்டிருப்பது நல்லது. வீட்டு எர்த் சரியில்லாமல் அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். டிரைவர் பெட்டியின் மேல் ஐஎஸ் 15885 என்ற இந்தியத் தர எண்ணும், அதோடு ஆங்கில ஆர் (R) என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இல்லாததை வாங்காதீர்கள்.

இப்போது வெளிச்சக் கணக்கு. வாட்ஸ் என்பது கரண்ட் செலவு; வெளிச்சத்தின் அளவு லுமென். சுவரும் சீலிங்கும் வெள்ளை அல்லது வெளிர் நிறமாக இருந்தால், படுக்கையறைக்குச் சதுர அடிக்கு 20 லுமென், ஹாலுக்கு 30, சமையலறைக்கு 55 முதல் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். லைட்டிலிருந்து கிளம்புவதில் ஏறக்குறைய பாதி வழியிலேயே தேய்ந்துவிடும் என்பதையும் சேர்த்த எண்கள் இவை. 12க்கு 10 ஹால் 120 சதுர அடி. 3,600 லுமென் வேண்டும். நல்ல லைட் ஒரு வாட்ஸுக்கு 90 முதல் 100 லுமென் தரும். 100 லுமென் தருகிற லைட் என்றால் 12 வாட்ஸில் மூன்று போதும். ஆனால் 10 வாட்ஸில் நான்கு போட்டால் வெளிச்சம் சீராகப் பரவும். டப்பாவில் லுமென் எண் இல்லாத லைட்டை வைத்து இந்தக் கணக்கைப் போட முடியாது.

நான்கையும் வைக்க எளிய வழி ஒன்று உண்டு: இரண்டு லைட்டுக்கு நடுவே உள்ள தூரத்தில் பாதியைச் சுவர்ப் பக்கம் விடுங்கள். 12 அடிப் பக்கத்தில் 3, 6, 3. 10 அடிப் பக்கத்தில் 2½, 5, 2½. அப்போது ஒவ்வொரு லைட்டும் அறை மையத்திலிருந்து ஏறக்குறைய 4 அடியில் நிற்கும். 48 அங்குல ஃபேனின் இறக்கை நுனி மையத்திலிருந்து 2 அடி. அகலமாக விரியும் 120 டிகிரி பேனலின் ஓரக் கதிர் இறக்கையைத் தொட்டு, எதிர்ச் சுவரில் லேசான நிழலாட்டத்தைக் காட்டலாம். 60 டிகிரி லைட்டின் கதிர் ஒரு அடி இறங்குவதற்குள் 7 அங்குலம்தான் விரியும், ஃபேன் பக்கமே போகாது. படிக்கிற பிள்ளைகள் இருக்கும் அறையில் இந்த நிழலாட்டம் தலைவலி கொடுக்கும். டிகிரி எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

கிரானைட் பதித்த தரைக்கும் இதே எண் வேறு விதமாக உதவும். கிருஷ்ணகிரி பக்கத்து வீடுகளில் பளபளவென்று பாலிஷ் போட்ட கருப்புக் கல் சகஜம். அது கண்ணாடி மாதிரி. கூசும் சிஓபி புள்ளி ஒவ்வொன்றும் தரையில் இன்னொரு புள்ளியாகத் தெரியும், உட்கார்ந்து டிவி பார்க்கிறவர் கண்ணில் அடிக்கும். அங்கே பால் வெள்ளை மூடி உள்ள பேனலோ, விளக்கு உள்ளே ஆழமாக இறங்கி உட்கார்ந்த மாடலோ பொருத்தம். கருப்புத் தரை வெளிச்சத்தையும் விழுங்கும். லுமென் கணக்கில் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

சமையலறையில் லைட்டை அறை நடுவில் வைத்தால் நிற்கிறவர் நிழல் மேடையில் நறுக்குகிற காய் மேல் விழும். மேடை 2 அடி அகலம், மேலே அலமாரி ஒரு அடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே லைட் மையம் சுவரிலிருந்து சரியாக 2 அடியில், மேடை விளிம்புக்கு நேர் மேலே வர வேண்டும். இங்கேயும் கண்ணாடி முன்னாலும் சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு, முழு அளவு 100) 90 உள்ளதைப் போடுங்கள். மற்ற அறைக்கு 80 போதும். சிஆர்ஐ குறைந்த லைட்டில் மிளகாய்த் தூளின் சிவப்பு மங்கித் தெரியும், தங்க நகையும் பட்டுச் சேலையும் நிறம் மாறித் தெரியும். பூஜை அறையில் விளக்குக்கு நேர் மேலே லைட் வேண்டாம். கற்பூரப் புகையும் எண்ணெய்க் கரியும் மூடியில் படிந்து மஞ்சளாகிவிடும். தூசியும் தண்ணீரும் புகாமல் காக்கும் அளவு ஐபி எண்: குளியலறையில் ஐபி 44, மழைச்சாரல் அடிக்கும் திண்ணை, போர்ட்டிகோவுக்கு ஐபி 65.

நிறம்: 3000 கெல்வின் மஞ்சள், 4000 நடுத்தரம், 6500 நீலம் கலந்த வெள்ளை. ஹாலுக்கும் சமையலறைக்கும் 4000, படுக்கையறைக்கு 3000 என்பது எங்கள் பரிந்துரை. முதல் மழை முடிந்த மாலையில் ஈசல் கிளம்பும்போது 6500 லைட் போட்ட வாசல்தான் அதிகமாக இழுக்கும். திண்ணைக்கு 3000 போடுங்கள். சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டால் நிறம் மாறும் மூன்று வண்ண லைட்டை ஒரே சுவிட்சில் ஐந்தாறு சேர்க்காதீர்கள். ஒன்று ஒரு தடவை தவறினால் ஹாலில் ஒரு லைட் மட்டும் மஞ்சளாக நிற்கும்.

மாட்டும் வேலையில் வரிசை முக்கியம். ஜிப்சம் பலகை ஏற்றும் முன்பே லைட் இடங்களைத் தரையில் சாக்பீஸால் குறித்து, சட்டக்காரரிடம் காட்டுங்கள். குறுக்குச் சட்டம் 18 அங்குலத்துக்கு ஒன்று வரும். லைட் இடத்தில் சட்டம் விழுந்தால் அப்போதே நகர்த்தலாம், பிறகு சட்டத்தை அறுத்தால் சீலிங் தொய்யும். ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, பைப்புக்குள். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு அடி ஒயர் தொங்க வேண்டும். ஒரு சர்க்யூட்டில் 10 பாயின்ட்டுக்கும் 800 வாட்ஸுக்கும் மேல் போகாதீர்கள். பட்டி, பெயின்ட் முடிந்த பிறகு எம்சிபியை இறக்கி, டெஸ்டரால் பார்த்துவிட்டு, ஹோல் சாவால் (வட்டமாக அறுக்கும் ரம்பம்) கட்-அவுட் அளவுக்கே அறுக்கவும். ஓட்டை பெரிதாகிவிட்டால் லைட்டின் ஸ்பிரிங் பிடிக்காது. ஸ்பிரிங்கை விரலால் மேல்நோக்கி மடித்து உள்ளே விடும்போது கையை உடனே எடுங்கள், நன்றாகவே அடிக்கும்.

மாட்டியதும் வரும் குறைகள் சில உண்டு. அணைத்த பிறகும் லைட் மினுங்கினால், சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறதா, சுவிட்சுக்குள் சிவப்பு இண்டிகேட்டர் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். சுவிட்ச் பேஸில், அதாவது கரண்ட் வரும் ஒயரில், வர வேண்டும். ஃபேன் ரெகுலேட்டரை லைட்டுக்குப் போட்டால் சாதாரண டிரைவர் துடித்துக் கெடும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் லைட் இரைந்தால் டிரைவர் சூடாகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு அறையிலும் இரண்டு லைட்டை மட்டும் இன்வெர்ட்டர் லைனில் வைத்து, இன்வெர்ட்டரை மாற்றும்போது சைன் வேவ் எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத துடிப்பைப் பிடிக்க, கடையிலேயே லைட்டைப் போட்டு போனின் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள். பட்டை பட்டையாக ஓடினால் அந்த மாடல் வேண்டாம்.

எண்ணிக்கை முடிவானதும் ஒவ்வொரு வகையிலும் இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள். அடுத்த வருஷம் அதே கட்-அவுட்டில், அதே வெள்ளையில் கிடைப்பது கடினம். மாட்டும் முன் டிரைவர் பெட்டியின் மேல் மாட்டிய தேதியை மார்க்கரால் எழுதி, பில்லை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தில் பில் தாளின் எழுத்து அழிந்துவிடும், வாரண்டி கேட்கப் போகும்போது அந்தப் படம்தான் கைகொடுக்கும்.