வேதிவினை வகைகள்: சமன்பாட்டின் தோற்றத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

வேதிவினை வகைகளில் அதிகம் பேர் செய்கிற தவறு, அம்புக்குறிக்கு இந்தப் பக்கம் எத்தனை பொருள், அந்தப் பக்கம் எத்தனை பொருள் என்று எண்ணிப் பார்த்து வகையை எழுதிவிடுவது. இரண்டு சேர்ந்து ஒன்றானால் கூடுகை, ஒன்று உடைந்து பலவானால் சிதைவு. சரி, எளிய கேள்விகளுக்கு இது போதும். சோடியம் கார்பனேட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்கிற வினையைக் கேட்டால் என்ன செய்வீர்கள்? இரண்டு பொருள்கள் வினைபுரிந்து சோடியம் குளோரைடு, நீர், கார்பன் டை ஆக்சைடு என்று மூன்று வருகின்றன. முதலில் அயனிகள் இடம் மாறி சோடியம் குளோரைடும் கார்பானிக் அமிலமும் உண்டாகின்றன, இது இரட்டை இடப்பெயர்ச்சி. அந்தக் கார்பானிக் அமிலம் நிலையாக இருக்காமல் உடனே நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிந்துவிடுகிறது, இது சிதைவு. சோதனைக் குழாயில் நுரைத்துப் பொங்குவது இந்த இரண்டாவது படியால்தான்.

ஒரு வினைக்கு ஒரே வகைதான் இருக்க முடியும் என்று நினைப்பது அடுத்த தவறு. மெக்னீசியம் நாடா கண் கூசும் வெள்ளை ஒளியோடு எரிந்து சாம்பலாவது கூடுகையா, எரிதலா, ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினையா (ஒன்று எலக்ட்ரானை இழக்க, இன்னொன்று அதை ஏற்கிற வினை)? மூன்றும்தான். அதற்காக எல்லாச் சிதைவு வினையையும் ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை என்று சொல்லிவிட முடியாது. கால்சியம் கார்பனேட்டைச் சூடாக்கிச் சிதைக்கும்போது ஆக்சிஜனேற்ற எண் (ஓர் அணு எத்தனை எலக்ட்ரானை இழந்ததாக, பெற்றதாகக் கொள்கிறோம் என்பதைக் காட்டும் எண்) கால்சியம் +2, கார்பன் +4, ஆக்சிஜன் −2 என எதுவும் மாறுவதில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு சிதையும்போதோ, −1 ஆக இருந்த ஆக்சிஜனில் ஒரு பாதி −2 ஆகவும் மறு பாதி 0 ஆகவும் மாறுகிறது. ஆக்சிஜனேற்ற எண்ணைப் போட்டுப் பார்க்காமல் இதைச் சொல்லவே முடியாது.

கூடுகை என்றாலே வெப்ப உமிழ் வினை என்று எழுதிவிடுவதும் உண்டு. பெரும்பாலும் சரிதான், ஆனால் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு உண்டாகும் வினை வெப்பத்தை உறிஞ்சுகிறது.

அப்புறம், என்னைக் கேட்டால் இருப்பதிலேயே பெரிய தவறு, தாளில் எழுத முடிகிற வினையெல்லாம் குழாயிலும் நடக்கும் என்று நம்புவது. நீல நிறக் காப்பர் சல்பேட் கரைசலில் துத்தநாகத் துண்டைப் போட்டால் அதன் மேல் கருஞ்சிவப்பாகத் தாமிரம் படியும், நீலம் மெல்ல வெளுக்கும். மாற்றிச் செய்து பாருங்கள்: துத்தநாக சல்பேட்டில் தாமிரத்தைப் போட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் உலோகங்களை வினைபுரியும் திறன்படி அடுக்கிய வினைதிறன் வரிசையில் தாமிரம் துத்தநாகத்துக்குக் கீழே இருக்கிறது. இரட்டை இடப்பெயர்ச்சியிலும் இதே கதைதான், வீழ்படிவோ (கரையாமல் பிரிந்து வரும் திண்மம்) வாயுவோ நீரோ உண்டாக வேண்டும். லெட் நைட்ரேட்டும் பொட்டாசியம் அயோடைடும் கலந்த உடனே பளிச்சென்ற மஞ்சள் வீழ்படிவு வரும். சோடியம் குளோரைடு கரைசலையும் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலையும் கலந்தால் நான்கு அயனிகளும் அப்படியே கரைசலில் இருக்கும். அங்கே வகையைத் தேடாமல் 'வினை நிகழாது' என்று எழுதுங்கள், அதுதான் சரியான விடை.