இரண்டடித் தொட்டியில் மாண்டிஸ் இறால்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

நாங்கள் வடகடல் என்று சொல்கிற பாக் விரிகுடாவில் நண்டு வலை போடுகிற என் சித்தப்பா ஒரு நாள் காலையில் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். வலையில் சிக்கி வந்த ஒரு பழைய சங்கு ஓட்டைத் தண்ணீர் வாளிக்குள் போட்டு என்னிடம் நீட்டினார். "விரல உள்ள விட்டுறாதடா, நகத்தப் பேத்துரும்" என்றார். ஓட்டின் வாய்க்குள் காம்பு வைத்த இரண்டு கண்கள் தெரிந்தன. ஒன்று என்னைப் பார்த்தது, இன்னொன்று சித்தப்பாவைப் பார்த்தது. அன்றைக்கே அந்த மாண்டிஸ் இறால் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. தொட்டி, மணல், பொந்து எதுவுமே தயாராக இல்லாமல் அதைக் கொண்டுவந்தது என் தவறு. நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலில் வீடு, கடைசியில்தான் விருந்தாளி.

பெயரில் இறால் இருந்தாலும், நாம் குழம்பு வைக்கிற இறாலுக்கு இது தூரத்து உறவுதான். கும்பிடுபூச்சியைப் போல முன்கைகளை மடக்கி வைத்திருப்பதால் மாண்டிஸ் என்று பெயர் வந்தது. இதில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று முள் வைத்த கையால் குத்திப் பிடிப்பது. மற்றது குண்டாந்தடி போன்ற கையால் அடித்து உடைப்பது. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் விசைப்படகுகள் இழுக்கிற மடிவலையில் கழிவு மீனோடு குவியலாக வருகிறவை பெரும்பாலும் குத்துகிற வகை. சேற்றிலும் மணலிலும் ஆழமாக வளை தோண்டி வாழ்பவை அவை. உருவமும் பெரிது. மடியில் நசுங்கிக் கரை வந்து சேரும்போது பாதி உயிர்தான் இருக்கும். பார்க்க ஆசையாக இருந்தாலும் அவற்றைத் தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள்.

சின்னத் தொட்டிக்கு ஏற்றது அடிக்கிற வகையில் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளர்கிற சிறிய இனம். படங்களில் பச்சையும் சிவப்புமாக மின்னுகிற மயில் மாண்டிஸ் 18 சென்டிமீட்டர் வரை வளரும். அதன் அடி வினாடிக்கு 23 மீட்டர் வேகம் என்று அளந்திருக்கிறார்கள். இரண்டடிக் கண்ணாடித் தொட்டி அதற்கு வீடே இல்லை.

எங்கே வாங்குவது

கடற்கரையில் இருக்கிறோமே, இறங்கி ஒன்றைப் பிடித்துவிடலாமே என்று தோன்றும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. பவளப்பாறை, கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. செத்த பவளக்கல்தானே என்று தொட்டி அலங்காரத்துக்கு ஒன்றைத் தூக்கி வருவதும் குற்றம்தான். சட்டத்தை விடுங்கள், ஒரு கல்லைப் புரட்டினால் அதன் அடியில் குடியிருக்கிற பத்து உயிர்கள் வெயிலில் சாகும். தொட்டியில் வளர்க்கிற கடல்மீன் விற்கும் கடைகளில் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள். சென்னை கொளத்தூர் பக்கம் போகிறவர்கள் அங்கே விசாரிக்கலாம். வாங்கும்போது "அடிக்கிற வகையா, குத்துகிற வகையா, முழு வளர்ச்சியில் எவ்வளவு வரும்" என்ற இரண்டையும் கேளுங்கள். பதில் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

தொட்டி

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். மணலும் கல்லும் போக நாற்பது லிட்டர் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். இதைவிடச் சிறியது வேண்டாம். தண்ணீர் குறைவாக இருந்தால் வெப்பமும் உப்பும் சட்டென்று மாறும். கண்ணாடி குறைந்தது 6 மில்லிமீட்டர் இருக்கட்டும். அடியில் ஒரு அக்ரிலிக் தகட்டை விரித்து, அதன்மேல் மணல் போடுங்கள். இந்த இறால் மணலைத் தோண்டிக் கீழே போய்க் கண்ணாடியைத் தட்டிப் பார்க்கும். மேலே வலை போட்ட மூடி கட்டாயம். வயர் வழியாகக்கூட ஏறி வெளியே வந்துவிடும். கண்ணாடித் தெர்மாமீட்டரை உள்ளே தொங்கவிடாதீர்கள். ஒரே அடியில் போய்விடும்.

வடிகட்டிக்கு ஏர் பம்ப்பில் ஓடுகிற ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, செராமிக் வளையங்கள் போட்ட சிறிய ஃபில்டர் ஒன்று போதும். பளீர் விளக்கு தேவையில்லை, அது நிழலை விரும்புகிற பிராணி.

பொந்து

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மாண்டிஸ் இறால் வளர்ப்பதில் பாதி வேலை இதுதான். நல்ல பொந்து கிடைத்த இறால் இரண்டே நாளில் வாசலில் தலையை நீட்டி உங்களை வேடிக்கை பார்க்கும். கிடைக்காத இறால் மூலைக்கு மூலை ஓடும், சாப்பிடாது, வாரக்கணக்கில் கண்ணிலேயே படாது.

முக்கால் அங்குல பிவிசி குழாய் ஒரு சாண் நீளம் எடுங்கள். உடம்பு தாராளமாக நுழையவும் உள்ளேயே திரும்பவும் முடிகிற அகலம் போதும். மிக அகலமாக இருந்தால் அதற்குப் பாதுகாப்பாகத் தோன்றாது. குழாயின் ஒரு பக்கத்தை நீளவாக்கில் அறுத்துத் திறந்து, அந்தத் திறப்பைத் தொட்டியின் முன்கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள். இரண்டு முனைக்கும் எல்போ என்கிற வளைவுத் துண்டு பொருத்தி மேலே திருப்பிவிட்டால் இரண்டு வாசல். சுற்றிலும் எட்டுப் பத்து சென்டிமீட்டர் மணல் நிரப்புங்கள். கடையில் கிடைக்கிற ஆரகோனைட் என்கிற சுண்ணாம்பு மணல் நல்லது. வெளியே கண்ணாடியில் கறுப்புக் காகிதத்தை ஒட்டிவிடுங்கள். பார்க்க வேண்டும் என்றால் மெதுவாகத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடலாம்.

அப்புறம், மட்டி வேகவைத்துச் சாப்பிட்ட ஓடுகளைத் தூக்கி எறியாதீர்கள். கழுவி, மறுபடி கொதிக்கவைத்து, விரல்நக அளவில் உடைத்து மணல்மேல் தூவுங்கள். அதுதான் கதவுச் சாமான். மாலையில் விளக்கை அணைத்ததும் என்னுடையது வெளியே வந்து ஒரு துண்டை எடுக்கும். வாய் ஓரத்துக் கைகளால் அணைத்துக்கொண்டு பின்பக்கமாகவே வாசலுக்குப் போகும். வைத்துப் பார்க்கும். பொருந்தாவிட்டால் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வேறொன்று எடுக்கும். கடைசியில் ஒரு விரல் நுழைகிற இடத்தை மட்டும் விட்டு, பிறகு அதையும் உள்ளேயிருந்து ஒரு சிப்பியால் அடைத்துவிடும். காலையில் திறப்பு. இதைப் பார்ப்பதற்காகவே நான் இரவுச் சாப்பாட்டைத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

தண்ணீர்

கடல் பக்கத்தில் இருப்பது நமக்கு வரம்தான், ஆனால் எந்தக் கடல்நீரும் ஆகும் என்று நினைத்தால் தப்பு. நான் பட்ட பாடு இது. ஒரு கார்த்திகை மாதம், நாலு நாள் விடாமல் மழை பெய்து ஓய்ந்ததும் வடகடலில் இரண்டு கேன் மொண்டு வந்து அப்படியே மாற்றினேன். மறுநாள் இறால் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அளந்து பார்த்தால் ஒப்படர்த்தி (உப்பு கூடினால் கூடுகிற அளவு) 1.018. மழைத்தண்ணீர் இறங்கி உப்பு குறைந்திருந்தது. சேமித்து வைத்திருந்த பழைய நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து இரண்டு நாளில் மீட்டேன். அன்றிலிருந்து அளக்காமல் ஒரு சொட்டுகூட ஊற்றுவதில்லை.

வேண்டியது 1.024 முதல் 1.026 வரை. இதை அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், தொட்டியைவிட முக்கியமான செலவு அது. வாடை மழை தொடங்கும் முன்பே, புரட்டாசிக்குள், தண்ணீர் பிடித்து வையுங்கள். படகு கட்டுகிற இடத்தில் மொள்ளாதீர்கள், டீசல் படலம் மிதக்கும். இறால் பண்ணைக் கழிவுநீர் விழுகிற ஓடை பக்கமும் வேண்டாம். தெளிந்த இடத்தில் இடுப்பளவு ஆழத்தில் மொண்டு, வேட்டித் துணியில் வடிகட்டி, மூடியுள்ள உணவுத்தர டிரம்மில் வெளிச்சம் படாமல் இரண்டு வாரம் வைத்தால் மிதக்கிற நுண்ணுயிர்கள் பெரும்பாலும் செத்து அடியில் படிந்துவிடும். மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். கடல்நீர் கிடைக்காதவர்கள் மீன்தொட்டிக்கென்று விற்கிற கடலுப்பைக் கலக்கலாம். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம். சமையல் உப்பு உதவாது.

தொட்டியில் நீர் ஆவியாகும், உப்பு அங்கேயே இருக்கும். அதனால் குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தினமும் அந்தக் கோடு வரை ஆர்ஓ தண்ணீர் சேர்த்தால் போதும். எங்கள் ஊர் போர் தண்ணீரே உப்பு, அதை இதற்குப் பயன்படுத்த முடியாது.

தொட்டி ஓடத் தொடங்கியதும் ஒரு சின்ன இறால் துண்டைப் போட்டு அழுகவிடுங்கள். அதில் அம்மோனியா உண்டாகும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்தக் கூட்டம் ஃபில்டரில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். சோதனைக் கருவியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் இறால். பிறகு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து, ஆறு லிட்டர் மாற்றுங்கள். ஒரு எச்சரிக்கை: மீனுக்கு நோய் வந்தால் ஊற்றுகிற மருந்துகள் பலவற்றில் தாமிரம் இருக்கும். ஓடுள்ள உயிர்களுக்கு அது விஷம். முன்பு மீன் வளர்த்த தொட்டியாக இருந்தால், அதில் என்ன மருந்து ஊற்றினார்கள் என்று விசாரியுங்கள்.

உள்ளே விடுவது

பையோடு தொட்டியில் அரைமணி மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். பிறகு இறாலை ஒரு டப்பாவுக்கு மாற்றி, ஏர் டியூபில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக டப்பாவில் விழும்படி ஒன்றரை மணி நேரம் விடுங்கள். அப்புறம் டப்பாவைச் சாய்த்தால் அதுவே இறங்கிப் போகும். கையால் பிடிக்கவே கூடாது. தொட்டிக்குள் எந்த வேலைக்கும் நீண்ட பிளாஸ்டிக் இடுக்கி. வேறு துணை எதுவும் விடாதீர்கள். மீன், நண்டு, நத்தை எல்லாம் அதற்கு உணவு. இன்னொரு மாண்டிஸ் விட்டால் இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும்.

சாப்பாடு

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும். உரித்த இறால் துண்டு பட்டாணி அளவு, எப்போதாவது நெத்திலியில் ஒரு துண்டு. ஆனால் இது உடைத்துத் தின்னப் பிறந்த பிராணி. வாரம் ஒரு முறையாவது ஓட்டோடு ஒரு சின்ன மட்டியோ நத்தையோ கொடுங்கள். சந்தையில் வாங்கியதை இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டுக் கொடுப்பது என் வழக்கம். மட்டியை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய், மீசையால் தடவி, வாகான இடத்தைத் தேடும். பிறகு "டக்". நடு வீட்டில் கேட்கும். அடி அவ்வளவு வேகமாக விழுவதால் இடையில் உள்ள நீரில் குமிழி உண்டாகி, அது உடையும்போது இரண்டாவது அடியும் ஓட்டில் விழுகிறது. மிச்சத்தை மறுநாள் காலையில் எடுத்துவிடுங்கள்.

வெயில் காலம் நம் ஊரில் தனிச் சோதனை. தண்ணீர் 24 முதல் 28 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. சித்திரையில் வீட்டுக்குள்ளேயே அதைத் தாண்டும். கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை நீர்மட்டத்தை நோக்கி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆவியாதல் கூடுவதால் ஆர்ஓ தண்ணீரும் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் ஒன்றைப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

கதவைச் சாத்திக்கொண்டால்

சில மாதங்களுக்கு ஒருமுறை சாப்பாட்டைத் தொடாமல், இரண்டு வாசலையும் பகலிலும் அடைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். செத்துவிட்டது என்று பயந்து பொந்தைப் பிரிப்பவர்கள் பலர். பிரிக்காதீர்கள். சட்டை உரிக்கிறது. உரித்த பிறகு ஓடு மட்டுமில்லை, அடிக்கிற கையும் மெத்தென்று இருக்கும். அப்போது அதை ஒரு சிறு நண்டுகூடக் கொன்றுவிடும். கறுப்புக் காகிதத்தைத் தூக்கிப் பார்க்கக்கூட வேண்டாம். நீரின் உப்பையும் வெப்பத்தையும் மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஆகலாம், இரண்டும் ஆகலாம்.

என்னுடையது முதல்முறை உரித்தபோது பதினோராம் நாள் வாசல் சிப்பி விலகியது. கண்ணாடித் தாள் மாதிரி ஒரு முழு இறால், கண்ணின் உறை முதல் வால் விசிறி வரை, மணல்மேல் கிடந்தது. அதை இடுக்கியால் எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி வைத்திருக்கிறேன். அன்று ஓடில்லாத இறால் துண்டுதான் கொடுத்தேன். மட்டி கொடுக்க இன்னும் ஒரு வாரம் பொறுத்தேன். அந்த மட்டியையும் அது முதலில் மூன்று முறை மெல்லத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடித்தது.