குபர்னெட்டீஸில் ஃபேப்ரிக் சிஏ: சர்வீஸ் பெயரில் கவனம்

ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் என்ற பிளாக்செயின் தளத்தின் சான்றிதழ் சர்வரை (ஃபேப்ரிக் சிஏ), கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸில் நிறுவுகிறீர்களா? அதை மற்ற நிரல்கள் அணுகுவதற்கான சர்வீஸுக்கு 'ஃபேப்ரிக்-சிஏ-சர்வர்' என்று பெயர் வைக்கவே வைக்காதீர்கள். குபர்னெட்டீஸ் ஒவ்வொரு சர்வீஸுக்கும் சில சூழல் மாறிகளை (நிரல் படிக்கும் அமைப்பு மதிப்புகள்), அதன் பெயரையே முன்னால் ஒட்டி, கன்டெய்னர் இயங்கும் 'பாட்' என்ற அலகுக்குள் தானாகச் செலுத்தும். அதில் ஒன்று 'போர்ட்' என முடியும். அதன் மதிப்போ டிசிபி என்று தொடங்கும் முழு முகவரி. சர்வர் தன் போர்ட் எண்ணைத் தேடுவதும் அதே பெயருள்ள மாறியில்தான். 7054 என்ற எண் இருக்க வேண்டிய இடத்தில் முகவரி வந்து நின்றால் சர்வர் எழாது. நீங்கள் எழுதிய யாமல் அமைப்புக் கோப்பில் பிழையே தெரியாது என்பதால் தேடித் தேடி அலுத்துப்போகும். சர்வீஸ் பெயரை மாற்றுங்கள், அல்லது பாட் வரையறையில் 'எனேபிள் சர்வீஸ் லிங்க்ஸ்' என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

அப்புறம், சர்வரின் ஹோம் ஃபோல்டர் கட்டாயம் நிரந்தர வால்யூமில் (பாட் போனாலும் தரவு நிலைக்கும் சேமிப்பிடம்) இருக்கட்டும். சான்றிதழ்களில் கையொப்பமிடும் ரூட் சாவி அங்கேதான் உருவாகிறது. வால்யூம் இல்லாமல் பாட் மறுபடி தொடங்கினால் புதிய ரூட் பிறந்துவிடும். அதன் பிறகு வழங்கும் சான்றிதழ்களைப் பழைய ரூட்டை நம்பும் பியர்கள் (ஃபேப்ரிக் வலையமைப்பின் கணுக்கள்) ஏற்காது. இது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம்: சாவிக்குத் தனியாக ஒரு பாதுகாப்பான காப்புப் பிரதியும் எடுத்து வையுங்கள்.

முதல்முறை தொடங்கும் முன்பே சிஎஸ்ஆர் (சான்றிதழ் கோரிக்கை) ஹோஸ்ட் பட்டியலில் சர்வீஸ் பெயரைச் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் டிஎல்எஸ் எனும் பாதுகாப்பான இணைப்பு மறுக்கப்படும். சர்வருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ரெப்ளிகா (நகல்) வேண்டுமா? இயல்பாக வரும் எஸ்க்யூலைட் தரவுத்தளம் சரிப்படாது. போஸ்ட்கிரஸ் அல்லது மைஎஸ்க்யூஎல் வையுங்கள்.